கேப் காட் ஓடைகளில் கடலோடி புரூக் டிரவுட்: எங்கே, எப்போது, எப்படி?

கேள்வி: வேலைக்காக பாஸ்டன் வந்து சில வருடங்கள் ஆகின்றன. பண்ணையில் வளர்த்துக் குளத்தில் விடும் ரெயின்போ டிரவுட்டை ஃபிளை தூண்டிலில் பிடிக்கப் பழகிவிட்டேன். பாஸ்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கேப் காட் தீபகற்பத்தின் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பும் காட்டு புரூக் டிரவுட் இன்னும் இருக்கிறது என்கிறார்கள். எந்த ஓடைக்கு, எந்த மாதத்தில், என்ன சாமான்களோடு போக வேண்டும்? ஒரு மீனையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்க முடியுமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் தொடங்கி ஜூன் பாதி வரை போங்கள். குவாஷ்நெட் ஆறு அல்லது ரெட் புரூக். ஏழடி நீளமுள்ள 3 அல்லது 4 வெயிட் (லைனின் எடை எண்) கம்பு, மிதக்கும் லைன், கூனி இறாலையோ குட்டி மீனையோ போலக் கட்டிய சின்ன ஃபிளை, கொளுவி (முள்நுனியில் இருக்கும் எதிர்க்கொக்கி) இல்லாத முள். சமைக்க முடியாது, பிடித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பத்து டாலருக்குக் கிடைக்கும் ஒரு வெப்பமானியை வாங்கிப் பையில் போடுங்கள். இந்த மீன் எங்கே நிற்கும், எப்போது நகரும், எப்போது அதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் தண்ணீரின் குளிர்ச்சிதான் முடிவு செய்கிறது. அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் குளத்தில் பிடித்த ரெயின்போ டிரவுட் இந்தக் கண்டத்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. ஊட்டி அவலாஞ்சியில் நூறாண்டுக்கு முன் ஆங்கிலேயர் கொண்டுவந்து வளர்த்ததும் அதே இனம்தான். பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. புரூக் டிரவுட் ஒன்றுதான் கிழக்கு அமெரிக்காவின் மண்ணுக்கு உரியது. உயிரியல்படி பார்த்தால் அது சார் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது, ஆர்க்டிக் சாருக்கு நெருங்கிய உறவு. அடையாளம் காண்பது எளிது. ரெயின்போவுக்கும் பிரவுனுக்கும் வெளிர் உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். புரூக் டிரவுட்டுக்குக் கருத்த உடம்பில் வெளிர்ப் புள்ளிகள். முதுகில் புழு நெளிந்தது போன்ற கோடுகள், பக்கவாட்டில் நீல வளையம் சூழ்ந்த சிவப்புப் பொட்டுகள், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் பால்வெள்ளைக் கோடும் அதையொட்டிக் கறுப்புக் கோடும். தண்ணீருக்குள் மற்றது எதுவும் தெரியாதபோதும் அந்த வெள்ளைக் கோடு தெரியும்.

கடலில் இருந்து அப்போதுதான் ஏறிவந்த மீனைப் பார்த்தால் கொஞ்சம் குழம்பிப் போவீர்கள். பக்கமெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு, முதுகு நீலப்பச்சையாக மாறி, சிவப்புப் பொட்டுகள் மங்கியிருக்கும். ஓடைத் தண்ணீரில் கொஞ்ச நாள் இருந்தால் பழைய நிறம் திரும்பிவிடும். உள்ளூர்க்காரர்கள் இந்தக் கடலோடி மீனை சால்டர் என்கிறார்கள். அது தனி இனம் இல்லை. ஒரே ஓடையில், ஒரே தாய் இட்ட முட்டைகளில் இருந்து வந்த குஞ்சுகளில் சில கடல் பக்கம் போகும், சில ஓடையிலேயே ஆயுளைக் கழிக்கும்.

சரி, இந்தக் குளிர்ந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கேப் காட் முழுவதும் பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போன மணலும் பருக்கைக்கல்லும்தான். மழை விழுந்தால் ஓடாது, நேராக உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் மணலுக்குள் மெதுவாக நகர்ந்து, தாழ்வான இடங்களில் ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது. அந்த நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். ஆகஸ்டில் பக்கத்துக் குளம் 26 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும்போதும் ஊற்று கசியும் இடத்தில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஜனவரியில் எல்லாக் குளமும் உறைந்திருக்கும்போது ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். புரூக் டிரவுட்டுக்குப் பிடித்தது 11 முதல் 16 டிகிரி வரை. 20-ஐத் தாண்டினால் அது திணறத் தொடங்கும். 24, 25 என்று நாள்கணக்கில் நீடித்தால் செத்துப்போகும். கடலோரச் சமவெளியில், இவ்வளவு தெற்கே, இந்த மீன் பிழைத்திருப்பதற்கு அந்த ஊற்றுகளைத் தவிர வேறு காரணமே இல்லை.

ஊற்றில் குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் தீனி குறைவு. சின்ன மணல் ஓடையில் எவ்வளவு பூச்சி இருந்துவிடப் போகிறது? கழிமுகத்திலோ கூனி இறால், ஆம்ஃபிபாடு என்ற பொடி ஓட்டுயிரி, சில்வர்சைடு, மம்மிசாக் என்ற விரல் நீளச் சதுப்பு மீன், வசந்தத்தில் கடலிலிருந்து ஏறும் கண்ணாடி போன்ற விலாங்குக் குஞ்சுகள் என்று ஏராளமாகக் கிடைக்கும். அங்கே போய் மேய்ந்த மீன் வேகமாக வளரும். பெரிய பெட்டைக்கு முட்டையும் அதிகம். அதனால்தான் சிலது அந்த ஆபத்தைத் துணிந்து ஏற்கிறது. ஆபத்து என்று சொல்வது சும்மா இல்லை. நன்னீரில் மீனின் உடம்புக்குள் தண்ணீர் தானாகப் புகுந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். உப்புநீரில் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும், கடல்நீரைக் குடித்துச் செவுள் வழியாக உப்பைத் தள்ள வேண்டும். சாமன் மீனின் உடம்பு இதற்காக முழுதாக மாறிக்கொள்கிறது. புரூக் டிரவுட்டுக்கு அந்த அளவு மாற்றம் இல்லை. ஆகவே அது ஆழ்கடலுக்குப் போவதில்லை, கழிமுகத்தையும் விரிகுடாவின் ஓரத்தையும் விட்டு அதிகம் விலகுவதில்லை. உப்பு அதிகமானால் ஓடைக்குள் மேலே ஏறிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தெரியாமல் வடக்கத்திய அனுபவத்தை வைத்து இங்கே வந்து ஏமாந்தவர்கள் உண்டு. கனடாவில், லாப்ரடார் பக்கம், இந்த மீன் வசந்தத்தில் கடலுக்கு இறங்கிக் கோடையில் கொழுத்துத் திரும்பும். அங்கே கடல் கோடையிலும் குளிர்ந்தது. கேப் காட்டின் ஆழமில்லாத விரிகுடாக்கள் ஜூலையில் குளிப்பதற்குச் சுகமான வெப்பத்தில் இருக்கும், அதாவது டிரவுட்டுக்கு வாழ முடியாத வெப்பத்தில். அதனால் இங்கே கோடையில் மீன் ஓடைக்குள் ஊற்றுகளைத் தேடி ஏறிக்கொள்கிறது. இலையுதிர் காலத்தின் கடைசியில் முட்டையிட்டு முடித்ததும், குளிர்காலத்திலும், வசந்தத்திலும் உப்புப் பக்கம் மேய இறங்குகிறது. ஆகஸ்டில் கழிமுகத்தில் நின்று வீசினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்போது அளவைப் பற்றி. பெரும்பாலானவை 15 முதல் 25 சென்டிமீட்டர் வரைதான். 30 சென்டிமீட்டர் என்றால் அது ஓடையின் ராஜா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைவிடப் பெரியவை கிடைத்தன. பாஸ்டனின் செல்வந்தர்கள் வண்டி கட்டிக்கொண்டு கேப் காட்டுக்கு வந்தது இந்த மீனுக்காகத்தான். செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 1820களில் மாஷ்பி ஆற்றில் தூண்டில் போட்டவர். அமெரிக்காவில் பொழுதுபோக்காக டிரவுட் பிடிக்கும் பழக்கம் வேர்விட்ட இடங்களில் இந்தக் கரையோர ஓடைகளும் லாங் ஐலண்டின் ஓடைகளும் முக்கியமானவை. மலை ஆறுகளின் புகழ் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? அணைகள்தான். முதலில் மாவு ஆலைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் சிறு அணைகள். பிறகு கிரான்பெரி. கிரான்பெரிக் கொடி சதுப்பு நிலத்தில் வளர்வது. அதைப் பனியிலிருந்து காக்கவும் அறுவடைக்கும் வயலைத் தண்ணீரால் மூட வேண்டும். அதற்காக ஓடையை நேராக வெட்டி, மதகு வைத்து, இரண்டு பக்கமும் மரங்களை நீக்கி, மணலைக் கொட்டினார்கள். ஆழமும் வளைவும் நிழலும் இருந்த ஓடை, அகன்று மெலிந்து வெயிலில் கிடக்கும் வாய்க்கால் ஆனது. தண்ணீர் சூடேறியது. கூழாங்கல்லை மணல் மூடியதால் முட்டையிட இடமில்லை. மதகு அடைத்ததால் கடலுக்குப் போனது திரும்பி ஏற வழியில்லை. காவிரியில் உள்ளம் மீனுக்கு நடந்ததும் இதுதானே. கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த மீன், கீழணையும் மேட்டூர் அணையும் வந்தபின் அருகிப்போனது. பெரிய ஆற்றில் நடந்தால் ஊருக்கெல்லாம் தெரிகிறது. தாண்டிக் குதிக்கக்கூடிய அகலமுள்ள ஓடையில் நடந்தால் கவனிக்க ஆள் இருப்பதில்லை.

ஆனால் இங்கே கவனித்த ஆட்கள் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தியோடர் லைமன் என்ற இயற்கை ஆய்வாளர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடைத் தளபதி ஜெனரல் மீடின் உதவியாளராக இருந்தவர், மாசசூசெட்ஸின் முதல் மீன்வள ஆணையர்களில் ஒருவர். 1860களின் பிற்பகுதியில் ரெட் புரூக் ஓடைக்கரை நிலத்தை வாங்கத் தொடங்கினார், டிரவுட்டுக்காகவே. அவர் குடும்பம் நூறாண்டுக்கு மேல் அதைக் கட்டடம் முளைக்காமல் காப்பாற்றி, 2001-இல் பாதுகாப்புக்காக ஒப்படைத்தது. இன்று டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ் என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பும், மாநில வனவிலங்குத் துறையும், டிரவுட் அன்லிமிடெட் என்ற மீன் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து அந்த ஓடையைப் பார்த்துக்கொள்கின்றன. 2006 முதல் 2009 வரை அங்கிருந்த சிறு அணைகளை எடுத்தார்கள்.

குவாஷ்நெட்டின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1950களின் சூறாவளிகளில் அங்கிருந்த கிரான்பெரி வயல்கள் கைவிடப்பட்டன. ஓடை புதர் மூடிக் கிடந்தது. 1970களின் நடுவில் டிரவுட் அன்லிமிடெட்டின் கேப் காட் கிளைத் தொண்டர்கள் சனிக்கிழமைகளில் மண்வெட்டியும் அரிவாளுமாக இறங்கினார்கள். ஓடையைக் குறுக்கி வேகமாக ஓடவிட்டார்கள், வேகம் மணலை அடித்துக்கொண்டுபோய் அடியில் இருந்த கூழாங்கல்லைத் திறந்துவிட்டது. கரையோரம் மரக்கட்டைகளைப் பதித்து மீன் ஒளிய நிழல் அமைத்தார்கள், மரம் நட்டார்கள். தலைமுறை தாண்டி அந்த வேலை இன்னும் நடக்கிறது. நீங்கள் அங்கே பிடிக்கும் மீன் எந்தப் பண்ணையிலிருந்தும் வந்ததில்லை, அந்த ஓடையிலேயே பொரித்தது. தண்ணீரைச் சரிசெய்தார்கள், மீன் தானாகப் பெருகியது.

இடம் பற்றி. குவாஷ்நெட் ஆறு மாஷ்பி, ஃபால்மவுத் ஊர்களின் வழியே ஓடி வாக்வாய்ட் விரிகுடாவில் சேர்கிறது. பாஸ்டனிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம். 28-ஆம் எண் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு மேலே காட்டுப் பாதை உண்டு. முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். ரெட் புரூக், கேப் காட் கால்வாய்க்கு பாஸ்டன் பக்கம், வேர்ஹாம், பிளிமத் ஊர்களின் எல்லையில் ஓடி, பட்டர்மில்க் பே என்ற விரிகுடாவில் விழுகிறது. காட்டிலிருந்து உப்புச் சதுப்பு வரை ஒரே நடையில் பார்த்துவிடலாம். மாஷ்பி ஆறு வாம்பனோவாக் பூர்வகுடிகளின் ஊரில் ஓடுவது. அது பெரிய குளத்திலிருந்து புறப்படுவதால் மேல்பகுதி கோடையில் சூடாகிவிடும், கீழே ஊற்றுகள் சேர்ந்தபிறகுதான் குளிரும். அங்கே வெப்பமானி இல்லாமல் போவது வீண். இன்னும் சின்ன ஓடைகள் சில உண்டு. பெயரை நான் எழுதப் போவதில்லை. நூறு மீன் இருக்கும் ஓடைக்குப் பத்துப் பேர் ஒரே வாரத்தில் போனால் தாங்காது. மேற்சொன்ன மூன்றும் ஏற்கனவே எல்லோரும் அறிந்தவை, காவலும் உண்டு.

மாதத்தைச் சொல்லிவிட்டேன். செப்டம்பரிலும் போகலாம். அக்டோபர் முதல் குளிர்காலத்தின் பெரும்பகுதி வரை ஓடையின் மேல்பகுதியை விட்டுவிடுங்கள், விதி தடுக்காவிட்டாலும். முட்டையிடும் காலம் அது. பெட்டை ஊற்று கசியும் கூழாங்கல் பரப்பாகப் பார்த்து வாலால் குழி பறித்து முட்டையிட்டு மூடும். அந்த முட்டைகள் குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் இருக்கும். சுத்தமாகத் துடைத்தது போல வெளிறிய ஒரு வட்டம் ஓடையின் தரையில் தெரிந்தால் அது முட்டைக்குழி. அதன் மேல் ஒரு காலடி பட்டால் போதும், ஒரு குடும்பம் போய்விடும்.

ஓடையின் கீழ்ப்பகுதியில் கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்றவற்றம் முக்கியம். நீர்ப்பெருக்கில் சதுப்பு முழுவதும் தண்ணீர் பரவி, கூனியும் குட்டி மீனும் புல்லுக்குள் சிதறியிருக்கும், டிரவுட்டும் கூடவே சிதறும். வற்றத் தொடங்கியதும் அந்த இரை எல்லாம் சின்னச் சின்ன வாய்க்கால் வழியாக ஓடையின் நடுமடைக்கு வந்தாக வேண்டும். அது வந்து சேரும் வாயில் டிரவுட் காத்து நிற்கும். வற்றத்தின் இரண்டாம் மணி நேரத்திலிருந்து தண்ணீர் அடங்கும் வரை உள்ள பொழுதுதான் எனக்குப் பிடித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ரெட் புரூக் விழும் பஸர்ட்ஸ் பே பக்கம் ஏற்றவற்ற வேறுபாடு 1.2 மீட்டர் அளவுக்கு உண்டு. வாக்வாய்ட் பக்கம் அரை மீட்டர் அளவுதான். நேரங்களும் வேறு. வெளிக்கரைக்குப் போட்ட அட்டவணையைவிட உள் விரிகுடாவில் தாமதமாகத்தான் நடக்கும். இரண்டு முறை போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அப்புறம் கணக்கு கைவந்துவிடும்.

சாமான்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பு குட்டையாக இருப்பது நல்லது, மேலே கிளைகள் இடிக்கும். லீடர், அதாவது லைன் முனையில் கட்டும் மெல்லிய இழை, ஏழரை அடி போதும், அதன் நுனி 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் பருமன். ரீல் வெறுமனே லைனைச் சுற்றி வைக்கத்தான். உடம்பு முழுக்க மூடும் ரப்பர் வேடர் வேண்டாம், நீங்கள் தண்ணீருக்குள் இறங்கப் போவதில்லை. முழங்கால் வரை பூட்ஸ் போதும். தண்ணீர்மேல் பளபளப்பைத் தடுக்கும் துருவக் கண்ணாடி கட்டாயம்.

ஃபிளைகளில் மூன்று வகை போதும். முதலாவது, 8 முதல் 12 எண் வரை முள்ளில் குட்டி மீன் போல நீளமாகக் கட்டிய சின்ன ஸ்ட்ரீமர். மஞ்சளும் சிவப்பும் கலந்த மிக்கி ஃபின், பிளாக் நோஸ் டேஸ், குட்டி வூலி பக்கர். மங்கிய வெளிச்சத்திலும் மர நிழலிலும் மிக்கி ஃபின்னை இந்த மீன் விடாது. இரண்டாவது, சாம்பலும் ஆலிவும் கலந்த கூனி இறால் ஃபிளை, கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகக் கட்டியது. சதுப்புப் பகுதிக்கு இதுதான் முதல் தேர்வு. மூன்றாவது, பார்மசீன் பெல் என்ற பழைய ஃபிளை. சிவப்பும் வெள்ளையும் கொண்ட அதன் இறகு, புரூக் டிரவுட்டின் சொந்த அடித்துடுப்பைப் போலவே இருக்கும். அந்தக் காலத்தில் டிரவுட்டின் துடுப்பையே வெட்டி முள்ளில் குத்திப் பிடித்தார்கள், அதைப் பார்த்து அமைத்தது. ஜூன் மாலையில் பூச்சி பறந்து மீன் மேலே வாய் வைத்தால், தண்ணீர்மேல் மிதக்கும் உலர் ஃபிளையும் எடுக்கும். எடை வேண்டுமென்றால் டங்ஸ்டன் மணி வைத்துக் கட்டுங்கள். 2012 முதல் மாசசூசெட்ஸ் நன்னீரில் சின்ன ஈயக் குண்டுகளுக்குத் தடை.

இனி வீசும் முறை. குளக்கரையில் நீங்கள் பழகிய, பின்னால் லைனை விரித்து முன்னால் எறிகிற வீச்சு மேல்பகுதியில் பயன்படாது. பின்னால் ஓக் மரம், மேலே மேப்பிள், எதிரே முள்புதர். ஓடை பல இடங்களில் இரண்டு மீட்டர் அகலம்கூட இல்லை. லைனைப் பின்னால் எறியாமல் முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீரும். அதற்கும் இடமில்லாத இடத்தில் வில்வீச்சு: ஃபிளையின் முள் வளைவைக் கவனமாக விரல்களால் பிடித்து, கம்பை வில்லாக வளைத்து, குறிபார்த்து விட்டுவிடுவது. நாலு மீட்டர் தூரம் போகும், இங்கே அதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் நான் அதிகம் நம்புவது வீசாமலே பிடிக்கும் முறையை. மீன் இருக்கும் என்று நினைக்கும் கட்டைக்கோ வளைவுக்கோ ஆறேழு மீட்டர் மேலே கரையில் மண்டியிடுங்கள். ஸ்ட்ரீமரை உங்களுக்கு நேர்கீழே தண்ணீரில் விடுங்கள். ரீலிலிருந்து லைனை உருவி உருவிக் கொடுங்கள், ஓட்டமே அதைக் கொண்டுபோகும். கட்டையின் அடிக்குப் போய்ச் சேரும் கணத்தில் லைனை நிறுத்துங்கள். ஃபிளை விறைத்து மேலே எழும்பும். பெரும்பாலும் கடி அங்கேதான். இல்லாவிட்டால் விரற்கடை அளவுக்கு இழுத்து நிறுத்தி, மறுபடி விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக, அதாவது உங்களைப் பார்த்து நிற்கிறது. நிமிர்ந்து நின்றால் முடிந்தது. ஓரத்து மண்ணைக் கலக்கினாலும் கலங்கல் நேராக அதன் முகத்துக்குத்தான் போகும். சதுப்பு மண் ஸ்பாஞ்சு போன்றது, நீங்கள் இந்தப் பக்கம் அழுத்தி மிதித்தால் அந்தப் பக்கம் மீனுக்குக் கேட்கும். பூனை போல நடங்கள் என்பதைவிட, நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு வளைவுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மிதித்ததில் ஒளிந்த மீன் அதற்குள் வெளியே வந்துவிடும்.

எந்த இடத்தில் விடுவது? வெளிவளைவின் குடைந்த கரை, கவிழ்ந்த மரம், தொண்டர்கள் பதித்த கட்டைகள், ஓடைக்கு நடுவே வளரும் நீர்க்கீரைத் திட்டின் ஓரம். கரையிலிருந்து ஊற்று கசிந்து சேரும் இடத்தைக் கண்டுபிடித்தால் அதை மறக்காதீர்கள். வெப்பமானியை ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் இரண்டு மூன்று டிகிரி சட்டென்று இறங்கும் இடம் ஒன்று அகப்படும். கோடையில் மீன் எல்லாம் அங்கே கூடி நிற்கும். அந்தக் காலத்தில் அங்கே தூண்டில் போடக்கூடாது என்பது என் கட்சி. போக்கிடம் இல்லாமல் கூடியிருக்கிறவற்றைப் பிடிப்பதில் திறமை எதுவும் இல்லை. வசந்தத்தில் அதே இடத்துக்கு வாருங்கள்.

சதுப்புப் பகுதியில் வானம் திறந்திருக்கும், வழக்கமான வீச்சு செல்லும். மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் என்பதால் காலையில் வரும் வற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே வீசி, ஓட்டத்தில் வளைந்து வரவிட்டு, கூனி துள்ளுவது போலச் சுண்டிச் சுண்டி இழுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்று ஹெர்ரிங் கூட்டம் கூட்டமாக ஏறும். அவற்றின் முட்டைக்கும் குஞ்சுக்கும் டிரவுட் பின்னாலேயே போகும். ஹெர்ரிங்கைத் தொடாதீர்கள். 2006 முதல் மாநிலத்தில் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது.

பிடித்தபிறகு என்ன செய்வது என்பதில் நான் கறாரான ஆள். ரெட் புரூக்கிலும் குவாஷ்நெட்டிலும் செயற்கை இரை மட்டும்தான், பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது விதி. விதியின் எழுத்து வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால் மாநிலக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்னீர் உரிமம் 15 வயது முதல் தேவை. கழிமுகத்தில் உப்புநீர்ப் பக்கம் நின்று பிடிப்பதற்கு 16 வயது முதல் தனி அனுமதி. கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டு வாருங்கள். மீனை இழுத்து விளையாட்டுக் காட்டாமல் சட்டென்று கரைக்குக் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, முள்ளைத் திருப்பி எடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேல்தோலின் வழவழப்பு போய் நோய் பிடிக்கும். படம் எடுப்பதென்றால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். வெப்பமானி 19 காட்டினால் கம்பைச் சுருட்டிவிடுங்கள். 20 வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பிட ஆசை என்றால் அதில் தவறே இல்லை. பண்ணை ரெயின்போ விடும் குளங்கள் மாநிலம் முழுக்க இருக்கின்றன, அந்த மீனை விடுவதே பிடித்துச் சாப்பிடத்தான். மஞ்சளும் மிளகும் தடவி வறுத்தால் அருமையாக இருக்கும். கடலோடியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் ஆயுள் பெரும்பாலும் மூன்று நான்கு வருடம்தான். 25 சென்டிமீட்டர் பெட்டை ஒன்றை எடுத்துவிட்டால், அந்தச் சின்ன ஓடையின் அடுத்த நவம்பரில் அது தெரியும்.

நீங்கள் பிடிக்கும் மீனில் கொழுப்புத் துடுப்பு (முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் உள்ள சின்னத் துடுப்பு) வெட்டப்பட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மீனின் உடம்புக்குள் அரிசி மணி அளவு மின்குறிச் சில்லு வைத்து, ஓடையின் குறுக்கே பதித்த ஆண்டெனாவால் அது கடலுக்குப் போவதையும் வருவதையும் உயிரியலாளர்கள் பதிவு செய்கிறார்கள். ரெட் புரூக்கில் இது நீண்டகாலமாக நடக்கிறது. வெட்டிய அந்தத் துடுப்பு, குறியிட்ட மீனுக்கு அடையாளம். அதையும் மற்றவற்றைப் போலவே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேப் காட்டின் புல்லிலும் புதரிலும் மான் உண்ணி நிறைய. லைம் நோய் அதிலிருந்துதான் பரவுகிறது. பேண்ட் காலை சாக்ஸுக்குள் செருகி, பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த துணி போட்டுக்கொண்டு போங்கள். மூன்று இலையாகக் கரையெங்கும் படர்ந்திருக்கும் பாய்சன் ஐவி என்ற, பட்டால் அரிக்கும் கொடியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், மண்டியிடும் முன் கீழே பாருங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தேடிப் பாருங்கள். பூட்ஸை அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகக் கழுவி முற்றிலும் காயவிடுங்கள், ஒரு நீரிலிருந்து இன்னொன்றுக்கு வேண்டாத உயிரிகள் போகும் வழி அதுதான். இந்த நவம்பரில் நேரம் கிடைத்தால் கம்பை வீட்டில் வைத்துவிட்டு, துருவக் கண்ணாடியோடு மட்டும் குவாஷ்நெட் கரைப் பாதையில் ஒரு நடை போய்வாருங்கள். முட்டைக்குழிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால், ஏப்ரலில் எந்த இடங்களில் ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.